கர்பட்டி ஏறட்டும், தாவ வேண்டாம்

அன்புள்ள தளேகாவ் தமிழ்க் குடும்பத்தாருக்கு,

எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டை வேலைக்கு வந்து இங்கேயே வேர்விட்டுவிட்டவர்களுக்கும், ஸ்டேஷன் பக்கமும் யஷ்வந்த் நகரிலும் கடன் வாங்கி ஃபிளாட் வாங்கியவர்களுக்கும், தேஹூரோட்டிலும் சி.ஆர்.பி.எஃப். முகாமிலும் வேலை பார்த்து ஓய்வுபெற்று இந்தப் பக்கம் வீடு கட்டிக்கொண்ட பெரியவர்களுக்கும் இந்த மடல். சொசைட்டிக் கூட்டங்களில் பேச்சு எங்கே தொடங்கினாலும் இப்போது வீட்டு வரியான கர்பட்டியில்தான் வந்து நிற்கிறது. பில் ஏறிவிட்டது, இன்னும் ஏறப்போகிறது, இனி ஒரு ரூபாய்கூட ஏற்றக்கூடாது என்று கையெழுத்து வாங்கிக் கொடுப்போம் என்கிறார்கள். உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் கேட்கப்போகும் பரிகாரம் தவறானது, நமக்கே திரும்பி வந்து அடிக்கக்கூடியது என்று நினைக்கிறேன். வரியை உறையவைக்கச் சொல்லாதீர்கள். ஒரே ஆண்டில் எவ்வளவு ஏறலாம் என்பதற்கு வரம்பு கேளுங்கள், அதையும் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். இதற்கான காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தப் பில்லையே எடுத்து வைத்துப் பார்ப்போம். மராத்தியில் இருப்பதால் நம்மில் பலர் கடைசி வரியில் இருக்கும் தொகையை மட்டும் பார்த்துவிட்டுக் கட்டிவிடுகிறோம். அதில் மால்மத்தா கர் என்பது ஒரு வரிதான். அதன் கீழே சிக்ஷண் கர், விருக்ஷ கர், அக்னிஷமன் கர் என்று கல்விக்கும் மரத்துக்கும் தீயணைப்புக்கும் தனித்தனியாகப் போட்டிருக்கும். இதில் கல்வி வரி 1962ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தின்படி வசூலாகிறது. நம் நகராட்சியான நகர் பரிஷத் அதை வாங்கி மாநில அரசுக்குச் செலுத்துகிறது, அது ஊரில் தங்குவதில்லை. எல்லாவற்றுக்கும் அடிப்படை, வீட்டுக்கு என்ன வாடகை கிடைக்கும் என்று மதிப்பிடும் ஆண்டு வாடகை மதிப்பு. அதில் பழுதுபார்ப்புக்கென்று 10 சதவீதம் கழித்து, மிச்சத்தின் மேல் வரி விகிதத்தைப் போடுகிறார்கள். புரிவதற்காக நானே எண்களை வைத்து ஒரு கணக்குப் போடுகிறேன். 60 சதுர மீட்டர் வீடு, சதுர மீட்டருக்கு மாதம் 12 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 8,640 ரூபாய். 10 சதவீதம் போக 7,776. விகிதம் 25 சதவீதம் என்றால் வரி 1,944 ரூபாய். மறுமதிப்பீட்டில் அந்த 12 ரூபாயை 24 ஆக்கினால் வரி 3,888. வீட்டில் ஒரு செங்கல்கூடக் கூடவில்லை, விகிதத்தையும் யாரும் தொடவில்லை, ஆனால் பில் இரட்டிப்பாகிவிட்டது. நம்மில் பெரும்பாலோர் திகைத்து நிற்பது இந்த இடத்தில்தான்.

இந்தத் தாவல் ஏன் வருகிறது? 1965ஆம் ஆண்டின் மகாராஷ்டிர நகர் பரிஷத் சட்டம், நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது மதிப்பீட்டுப் பட்டியலை முழுமையாகத் திருத்த வேண்டும் என்கிறது. அலுவலகத்தில் அதை 'சதுர்த்த வார்ஷிக் ஆகாரணி' என்பார்கள். தவறாமல் நடந்தால் ஒவ்வொரு முறையும் ஏறுவது கொஞ்சமாகத்தான் இருக்கும். தேர்தல் வருகிறது, மக்கள் கோபப்படுவார்கள் என்று ஒரு முறை தள்ளிப்போட்டால், அடுத்த முறை எட்டு ஆண்டுப் பாரம் ஒரே நோட்டீசில் வந்து இறங்கும். மதிப்பை ஏற்றாமல் விட்ட காலமெல்லாம் நமக்கு லாபம் என்று தோன்றும். உண்மையில் அது வட்டி போட்டு வளர்ந்துகொண்டிருக்கும் கடன்.

நம் ஊர்ப்பக்கம் நடந்ததைவிட இதற்குத் தெளிவான சாட்சி வேண்டாம். சென்னையில் 1998இல் சொத்து வரி பொதுச்சீராய்வு நடந்தது. அதன்பிறகு இருபது ஆண்டுகள் எந்த ஆட்சியும் அதைத் தொடவில்லை. தமிழ்நாட்டின் மற்ற நகரங்களில் கடைசிச் சீராய்வு 2008இல். 2018இல் துணிந்து உயர்த்தினார்கள், எதிர்ப்பு எழுந்ததும் 2019 நவம்பரில் நிறுத்திவைத்தார்கள். ஏற்கெனவே கட்டியவர்களின் பணத்தை வரும் ஆண்டுகளுக்கு ஈடுகட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. கடைசியில் 2022 ஏப்ரலில் வந்தது பெரிய அடி. 600 சதுர அடிக்குள் உள்ள வீடுகளுக்கு 25 சதவீதம் உயர்வு, சென்னை நகரின் பழைய பகுதிகளில் அதே அளவு வீட்டுக்கு 50 சதவீதம், அங்கேயே 1,800 சதுர அடிக்கு மேல் போனால் 150 சதவீதம். ஊரில் அப்பா பெயரில் வீடு இருக்கும் குடும்பங்கள் இங்கே நிறைய, அந்தப் பில்லைப் பார்த்திருப்பீர்கள். சென்னையில் 24 ஆண்டு வரி ஏறாமல் இருந்ததற்கு அன்று யாரும் நன்றி சொல்லவில்லை, எல்லோருக்கும் நினைவிருப்பது அந்த ஒரு ஆண்டுதான். அதற்குப் பிறகு ஆண்டுக்கு 6 சதவீதம் என்று சீராக ஏற்றும் வழிக்கு வந்திருக்கிறார்கள். அதற்கும் முணுமுணுப்பு உண்டு. ஆனால் 6 சதவீத உயர்வைக் குடும்பக் கணக்கில் எழுதிவைத்துத் திட்டமிடலாம், 150 சதவீதத்தை எப்படித் திட்டமிடுவது?

உறையவைத்துப் பார்த்த வெளிநாடுகளும் உண்டு. கலிஃபோர்னியா 1978இல் மக்கள் வாக்கெடுப்பில் 'முன்மொழிவு 13' என்ற திருத்தத்தை நிறைவேற்றியது. வீடு வாங்கிய விலையில் 1 சதவீதம்தான் வரி, மதிப்பும் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது, வீடு கைமாறும்போது மட்டும் புது விலைக்கு வரும். வீட்டை இழந்துவிடுவோமோ என்று அஞ்சிய முதியவர்களை அது காப்பாற்றியது, மறுக்க முடியாது. ஆனால் பக்கத்துப் பக்கத்து வீடு, ஒரே அளவு, ஒரே தெரு, ஒரே குப்பை வண்டி, ஒருவர் கட்டுவதைப் போல ஐந்து மடங்கு அடுத்தவர் கட்டும் நிலை வந்தது. இப்படி வீடு வாங்கிய ஒரு பெண்மணி தொடுத்த வழக்கு 1992இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்றே சொல்லிவிட்டது. இங்கிலாந்தில் கவுன்சில் வரிக்கு இன்றும் 1991ஆம் ஆண்டு வீட்டு மதிப்புதான் அடிப்படை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது, மாற்றினால் யாருக்கு எவ்வளவு ஏறும் என்ற பயத்தில் எந்த அரசும் அதில் கைவைக்கவில்லை. பூட்டு பழசாகப் பழசாகத் திறப்பது கடினமாகிறது. நம் விஷயத்தில் இதை இன்னும் கூர்மையாகப் பார்க்க வேண்டும். தளேகாவில் தமிழர்கள் பெரும்பாலும் புதிதாக வீடு வாங்கியவர்கள். பழைய ஊர்ப்பகுதியான காவ் பாகத்தில் தலைமுறையாக இருப்பவர்களின் பழைய மதிப்பை உறையவைத்தால், ஊரின் பாரம் நேற்று வந்த ஃபிளாட்காரர்கள் தலையில்தான் விழும். உறைநிலை கேட்டு நாமே கையெழுத்துப் போட்டால், நம் பிள்ளைகள் இங்கே வீடு வாங்கும்போது அவர்களும் பழையவர்களுக்குச் சேர்த்து அதிகம் கட்டுவார்கள்.

நகர் பரிஷத்துக்கு வேறு வருமானமே இல்லையா என்று கேட்கலாம். ஒரு காலத்தில் ஆக்ட்ராய் இருந்தது. ஊருக்குள் நுழையும் சரக்குக்கெல்லாம் நாக்காவில் வசூலித்தார்கள். மகாராஷ்டிரத்தின் நகர் பரிஷத்களில் அது 1999இல் போய்விட்டது. அதற்கு ஈடாக மாநிலம் தரும் மானியம் அவர்கள் கையை எதிர்பார்த்து வாங்குவது. 15வது மத்திய நிதிக் குழு மானியத்துக்கு 2011 மக்கள்தொகைக் கணக்குதான் முக்கிய அடிப்படையாக இருந்தது. அந்தக் கணக்கில் தளேகாவ் தாபாடே சுமார் 56 ஆயிரம் பேர் உள்ள ஊர். அதற்குப் பிறகு எழுந்த அடுக்குமாடிகள் எத்தனை என்று ஸ்டேஷன் ரோட்டில் நின்று ஒருமுறை சுற்றிப் பாருங்கள். அந்த வீடுகளில் இருப்பவர்கள் மானியக் கணக்கில் இல்லை, ஆனால் குழாயிலும் சாக்கடையிலும் குப்பைக் கிடங்கிலும் இருக்கிறார்கள். அதே நிதிக் குழு ஒரு நிபந்தனையும் வைத்தது. மாநிலங்கள் சொத்து வரிக்கு அடிமட்ட விகிதத்தை அறிவிக்க வேண்டும், வசூலும் மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஈடாக வளர வேண்டும், இல்லையென்றால் நகராட்சிகளுக்கு மானியம் கிடையாது என்றது. ஆக, வரியை உறையவைத்தால் வரியும் போகும், அதோடு சேர்ந்து வரும் மானியமும் போகலாம்.

பெரிய தொழிற்சாலைகள் இருக்கின்றனவே, அவர்களிடம் வாங்கட்டுமே என்ற வாதத்தைப் பலர் சொல்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எம்.ஐ.டி.சி.யின் பெரும் ஆலைகள் நவ்லாக் உம்பரே, ஆம்பி போன்ற கிராமங்களின் எல்லைக்குள் இருக்கின்றன. ஜெனரல் மோட்டார்ஸ் 2020 டிசம்பரில் உற்பத்தியை நிறுத்தி, இப்போது ஹூண்டாய் கைக்கு வந்திருக்கும் ஆலையும் பெயரில்தான் தளேகாவ். ஆலை கிராம எல்லையில், வேலை பார்ப்பவர் வீடு நகர எல்லையில். ஆலையின் வரியில் நம் நகர் பரிஷத்துக்கு நேரடி உரிமை இல்லை, ஆனால் ஷிஃப்ட் முடிந்து திரும்பும் ஆயிரக்கணக்கானவர்களுக்குத் தண்ணீரும் சாலையும் கொடுக்க வேண்டிய பொறுப்பு மட்டும் இருக்கிறது. இது உண்மையான அநியாயம். கையெழுத்து இயக்கம் நடத்துவதானால் இதற்கு நடத்தலாம்: ஆலை வரியில் ஒரு பங்கு, தொழிலாளர் குடியிருக்கும் ஊருக்கு வர வேண்டும் என்று. எல்லைக் கோடு எங்கே ஓடுகிறது என்று தெரியாமல் ஆலைக்காரர்களைக் கைகாட்டுவதில் பயனில்லை.

இனி, வரம்பு ஏன் சட்டத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு வருகிறேன். புனே மாநகராட்சி 1970இல் ஒரு தீர்மானம் போட்டது. சொந்த வீட்டில் தானே குடியிருப்பவருக்கு வாடகை மதிப்பில் 40 சதவீதச் சலுகை, பழுதுபார்ப்புக் கழிவும் 10க்குப் பதில் 15 சதவீதம். அரை நூற்றாண்டு அது ஓடியது. சட்டத்தில் இடமில்லை என்று தணிக்கையில் கேள்வி எழுந்து, மாநில அரசு அந்தத் தீர்மானத்தை ரத்து செய்தது, 2019லிருந்து சலுகை நின்றது. அதைக் கணக்கில் வைத்துப் பழைய ஆண்டுகளின் வித்தியாசத்தையும் சேர்த்துப் பில் வந்தபோது புனேக்காரர்கள் பதறிப்போனார்கள். எதிர்ப்பு வலுத்து 2023இல் சலுகை திரும்ப வந்தது. ஆனாலும் பி.டி.-3 படிவத்தைப் பூர்த்தி செய்து, இது நான் குடியிருக்கும் வீடுதான் என்று ஆவணத்தோடு காட்ட வேண்டியவர்கள் வார்டு அலுவலகத்தில் வரிசையில் நின்றார்கள். 50 ஆண்டு பழகிய சலுகைகூடத் தீர்மானத்தின் மேல் மட்டும் நின்றால் ஒரு கடிதத்தில் போய்விடும். அதனால்தான் தேர்தல் நேரத்தில் யாராவது வந்து 'ஸ்தகிதி வாங்கித் தருகிறேன்' என்றால் மகிழாதீர்கள் என்கிறேன். ஸ்தகிதி என்பது நிறுத்திவைப்பு, தள்ளுபடி ஆகாது. நிலுவை புத்தகத்தில் அப்படியே கிடக்கும். பன்வேலில் 2016இல் மாநகராட்சி உருவாகி, ஐந்து ஆண்டு கழித்து அத்தனை ஆண்டுக்கும் சேர்த்து வரி கேட்டபோது அங்குள்ள கார்கர் பகுதிச் சொசைட்டிகள் எவ்வளவு கொதித்தன என்பது நமக்குத் தெரியும். நகரமைப்பு நிறுவனமான சிட்கோவுக்கு ஏற்கெனவே சேவைக் கட்டணம் கட்டியிருந்தோமே என்று அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி.

வரம்பு எப்படி இருக்கலாம்? முன்னுதாரணங்கள் இந்த மாநிலத்திலேயே இருக்கின்றன. மும்பையில் மூலதன மதிப்பு முறை 2010இல் வந்தபோது, ஐந்தாண்டுத் திருத்தத்தில் வரி 40 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்று சட்டத்திலேயே எழுதினார்கள். புனே மாநகராட்சியில் சேர்த்த கிராமங்களில் மாநகராட்சி வரி ஒரேயடியாக விழாமல் ஆண்டுக்கு 20 சதவீதமாகப் படிப்படியாக ஏறும் ஏற்பாடு இருக்கிறது. நகர் பரிஷத் சட்டத்திலும் இப்படி ஒரு பிரிவைக் கேட்கலாம். மறுமதிப்பீடு நான்காண்டுக்கு ஒருமுறை தவறாமல் நடக்கட்டும், மதிப்பு உண்மையான மதிப்பாகவே இருக்கட்டும், ஆனால் சொந்தக் குடியிருப்புக்கு எந்த ஆண்டின் பில்லும் முந்தைய ஆண்டைவிட 15 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. முன்பு போட்ட கணக்கையே எடுத்தால், 1,944 ரூபாய் மறு ஆண்டு 3,888 ஆகாமல் 2,236 ஆகும், பிறகு 2,571, 2,957, 3,400, ஐந்தாம் ஆண்டில் 3,888. போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். நடுவில் நகர் பரிஷத்துக்கு ஒரு வீட்டுக்கு மொத்தம் 4,388 ரூபாய் குறைகிறது, இதை மறைக்கக்கூடாது. அந்தத் தொகைக்குத்தான் நான்காண்டு ஒழுங்கை நாம் ஈடாகத் தருகிறோம். ஒழுங்காகத் திருத்தினால் இரட்டிப்பாகும் நிலையே அபூர்வமாகிவிடும், இழப்பும் சுருங்கிவிடும். 15 என்ற எண்ணில் எனக்குப் பிடிவாதம் இல்லை. 12 என்றோ 20 என்றோ வாதாடலாம். வரம்பு பழைய வீட்டுக்கும் புது வீட்டுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கக்கூடாது.

இதற்கு எதிராக வரும் கேள்விகளில் மிகக் கனமானது: தண்ணீர் ஒழுங்காக வரவில்லை, டேங்கருக்கு சொசைட்டி தனியாகக் கொடுக்கிறது, சாலை பெயர்ந்து கிடக்கிறது, எதற்காக நான் கூடுதலாகக் கட்ட வேண்டும்? இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். புனேயில் சேர்ந்த கிராமங்களில் படிப்படியான ஏற்றம் இருந்தும் மக்கள் கொதித்தார்கள். வரி மாநகராட்சி அளவுக்கு ஏறுகிறது, வசதி கிராமப் பஞ்சாயத்து அளவிலேயே நிற்கிறது என்பதுதான் அவர்கள் குறை. உருளி தேவாச்சி, ஃபுர்சுங்கி ஆகிய இரண்டும் மாநகராட்சியே வேண்டாம் என்று போராடிப் பிரிந்து தனி நகர் பரிஷத் ஆகின. ஆகவே படிக்கட்டு மட்டும் போதாது, பணம் எங்கே போகிறது என்பது கண்ணில் பட வேண்டும். இந்த ஊருக்கே அதில் ஒரு பழைய பாடம் இருக்கிறது. 1908இல் இங்கே தொடங்கிய பைசா ஃபண்ட் கண்ணாடித் தொழிற்சாலைக்கு மூலதனம், சுதேசிக் காலத்தில் மக்கள் ஆளுக்கு ஒரு பைசாவாகப் போட்டது. பைசா கொடுத்தவர் அந்தத் தொழிற்சாலை வாசலில் வந்து நின்று பார்க்க முடிந்தது. நகர் பரிஷத்தும் அதைச் செய்யட்டும். யஷ்வந்த் நகரிலிருந்து எவ்வளவு வசூல், அங்கே எவ்வளவு செலவு, பவனா தண்ணீருக்கும் இந்திராயணி தண்ணீருக்கும் எவ்வளவு, குப்பைக்கு எவ்வளவு என்று பகுதிவாரியாகப் பில்லின் பின்பக்கம் அச்சடித்தால் தாள்கூடக் கூடுதலாகத் தேவையில்லை. சேவை வந்தால்தான் கட்டுவேன் என்று நாம் காத்திருந்தால், பணம் வந்தால்தான் செய்வேன் என்று அவர்கள் காத்திருப்பார்கள், டேங்கர்காரர் மட்டும் வந்துகொண்டே இருப்பார்.

இரண்டாவது கேள்வி பெரியவர்களுடையது. வீட்டின் மதிப்பு ஏறினால் பென்ஷன் ஏறுமா? ஏறாது. காகிதத்தில் ஏறிய மதிப்பை வைத்து மளிகை வாங்க முடியாது. ஆனால் இதற்காக ஊர் முழுவதுக்கும் வரியைப் பூட்டினால், அந்தச் சலுகையில் பெரும்பங்கு மூன்று ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விட்டவருக்குப் போகும். துன்பம் யாருக்கோ அவருக்கே உதவி போக வேண்டும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 55 வயதைக் கடந்தவர் தான் குடியிருக்கும் வீட்டின் வரியைத் தள்ளிவைக்கலாம். அரசு அதைக் கடனாக எழுதிக்கொண்டு, வீடு விற்கும்போது வட்டியோடு வாங்கிக்கொள்கிறது. நம் மாநிலத்திலேயே 2020லிருந்து முன்னாள் படைவீரர்களுக்கு ஒரு வீட்டுக்குச் சொத்து வரி விலக்கு இருக்கிறது. உங்களில் அந்தத் தகுதி உள்ளவர்கள் விண்ணப்பித்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். சிறிய பென்ஷனில் வாழும் தனி முதியவருக்கும் கைம்பெண்ணுக்கும் இதேபோலத் தள்ளிவைப்பு கேட்பது, உறைநிலை கேட்பதைவிட எளிது, நியாயமும்கூட.

நிலுவையை முதலில் வசூலிக்கட்டும் என்கிறவர்களோடு நான் முழுவதும் உடன்படுகிறேன். நாட்டின் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கையே, பெங்களூரும் ஜெய்ப்பூரும் வசூலிக்கக்கூடிய சொத்து வரியில் 5 முதல் 20 சதவீதத்துக்கு மேல் வசூலிப்பதில்லை என்று செயற்கைக்கோள் படங்களை வைத்துச் சொன்னது. பட்டியலில் ஏறாத கட்டடம், வீடு என்று பதிந்து கடை நடத்தும் தரைத்தளம், எல்லாவற்றையும் பிடிக்கட்டும். அதே மூச்சில், நிலுவைக்கு மாதம் 2 சதவீதம் ஷாஸ்தி, அதாவது அபராதம், என்பது ஆண்டுக்கு 24 சதவீதம் என்பதையும் சொல்ல வேண்டும். வங்கியில் வீட்டுக் கடன்கூட அதில் பாதிக்கும் குறைவு. இந்த அபராதத்துக்குப் பயந்து கட்டுபவர்களைவிட, இது ஏறிவிட்டதால் இனிக் கட்டவே முடியாது, அபராதத் தள்ளுபடிக்கான அபய் யோஜனா வரட்டும் என்று உட்கார்ந்துவிடுபவர்கள் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒழுங்காகக் கட்டியவருக்கு ஒவ்வொரு தள்ளுபடித் திட்டமும் ஒரு அவமானம்.

நிர்வாகி ஆட்சி முடிந்து, 2025 டிசம்பரில் நகர் பரிஷத் தேர்தல் நடந்திருக்கிறது. நீண்ட நாளைக்குப் பிறகு வரியைப் பற்றிப் போய்க் கேட்க நாம் வாக்களித்த ஆட்கள் இருக்கிறார்கள். மறுமதிப்பீட்டின் தற்காலிகப் பட்டியலை வெளியிடும்போது ஆட்சேபம் சொல்லச் சட்டம் 30 நாள் தருகிறது. அந்த மனுவுக்கு ஹர்கத் என்று பெயர். 'வரி அதிகம்' என்று மட்டும் எழுதிய ஹர்கத்தை விசாரணையில் ஒதுக்கிவிடுவார்கள். அளவு எவ்வளவு போட்டிருக்கிறார்கள், கார்பெட்டா பில்டப்பா, கட்டட வயதுக்குக் கழிவு கொடுத்திருக்கிறார்களா, பக்கத்துச் சொசைட்டியின் சதுர மீட்டர் விகிதம் என்ன, இந்த நான்கையும் எழுதினால் பதில் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு சொசைட்டியிலும் மராத்தி எழுதத் தெரிந்த ஒரு பிள்ளையாவது இருக்கும், அவர்களை உட்காரவைத்து எழுதுங்கள். மராத்தி அண்டை வீட்டாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இது தமிழர் பிரச்சினை மட்டும் இல்லை. மனுவின் கடைசிப் பத்தியில், ஆண்டு உயர்வுக்கு வரம்பு வைக்கச் சட்டத் திருத்தம் கோரி நகர் பரிஷத் மாநில அரசுக்குத் தீர்மானம் அனுப்ப வேண்டும் என்று சேர்த்துவிடுங்கள். இப்போது சுற்றிவரும் உறைநிலை மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள், அந்தத் தாளைத் திரும்ப வாங்கி இந்த வாசகத்தை மாற்றி எழுதிக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்களைப் போலவே கர்பட்டி கட்டும் ஒரு தமிழர்
தளேகாவ் தாபாடே